உயர் பதவி தேடும்போது குறைகளைக் கையாள்வதில் நேரும் தவறுகள்: மணலி, எண்ணூர் மேலாளர்களுக்காக

வட சென்னையின் மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துப் பொது மேலாளர், ஆலைத் தலைவர் என்ற நிலைக்கு வந்தவர்கள், ஐம்பது வயதை ஒட்டி மீண்டும் வேலை தேட நேரும்போது, தங்களிடம் இருப்பதைவிட இல்லாததைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். பட்டம் இல்லை, ஆங்கிலம் சரளமாக வராது, ஒரே நிறுவனத்தில் இருந்துவிட்டோம், நடுவில் எட்டு மாதம் வேலை இல்லாமல் போய்விட்டது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தப் பகுதி ஆலைகளின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், நேர்முகத் தேர்வு மேசையின் ஒரு பக்கத்தில் நெடுங்காலமும், வேலையை இழந்தபோது அதன் மறுபக்கத்தில் சில மாதங்களும் அமர்ந்திருக்கிறேன். குறை இருந்ததற்காக நிராகரிக்கப்பட்டவர்களைவிட, அந்தக் குறையை மறைக்கப் போய் அல்லது அதைப் பற்றியே பேசிப் பேசி வாய்ப்பை இழந்தவர்களையே நான் அதிகமாகப் பார்த்தேன்.

ஒரே நிறுவனம் என்ற கவலை

இங்கே அடிக்கடி காணப்படும் தவறு இது என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். இருபத்துநான்கு ஆண்டுகள் ஒரே ஆலையில் இருந்தவர் தன் ரெஸ்யூமேயில் அந்தக் காலம் முழுவதையும் ஒரே பத்தியாக எழுதி, கீழே தன் பொறுப்புகளை வரிசையாக அடுக்கிவிடுவார். உற்பத்தியைக் கண்காணித்தல், பராமரிப்பை ஒருங்கிணைத்தல், பாதுகாப்பை உறுதிசெய்தல் என்று நீளும் அந்த வரிகள் அந்தப் பதவியில் இருந்த எவருக்கும் பொருந்தும். அவர் யார் என்பதை அவை சொல்வதில்லை. நேர்முகத் தேர்வில் கேட்டாலோ, 'வேறு இடத்துக்குப் போக வாய்ப்பு அமையவில்லை' என்று தலை குனிவார். எதிரில் இருப்பவர் அதுவரை குறையாகக் கருதாத ஒன்றை அவரே குறை என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

அந்த இருபத்துநான்கு ஆண்டுகளை நான்கைந்து தனி வேலைகளாகப் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு பதவிக்கும் எந்த ஆண்டில் வந்தீர்கள், கையில் எந்த நிலையில் ஆலை கொடுக்கப்பட்டது, நீங்கள் விட்டுச் சென்றபோது எந்த நிலையில் இருந்தது என்று மூன்று வரி போதும். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஆண்டு ஷட்டவுன் இருபத்தெட்டு நாளிலிருந்து இருபத்திரண்டு நாளாகக் குறைந்தது என்பது போன்ற ஓர் எண், பத்து வரிப் பொறுப்புப் பட்டியலைவிட அதிகம் பேசும். அத்துடன், வட சென்னையில் ஆலை நடத்தியவருக்கு வேறு இடத்தவருக்கு எளிதில் கிடைக்காத ஓர் அனுபவம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல், 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு, 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் என்று எட்டே ஆண்டுகளில் நான்கு முறை, நின்ற ஆலையை மீண்டும் ஓட்டவோ, ஓடும் ஆலையை நிற்காமல் காக்கவோ வேண்டியிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு மோட்டார்களை எந்த வரிசையில் உலர்த்திச் சோதித்தீர்கள், எத்தனை நாளில் உற்பத்தி திரும்பியது, ஊரடங்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களை எங்கே தங்க வைத்தீர்கள் என்பதை ஒருவர் சொல்லத் தொடங்கினால், அவர் ஒரே நிறுவனத்தில் இருந்தார் என்பதை யாரும் நினைக்கப் போவதில்லை.

இடைவெளியையும் தேதிகளையும் மறைப்பது

வேலையில்லாமல் இருந்த மாதங்களை மறைப்பதற்காக முந்தைய நிறுவனத்தின் கடைசித் தேதியைச் சில மாதங்கள் நீட்டி எழுதுவது மிகவும் ஆபத்தான தவறு. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் யு.ஏ.என். என்ற ஒற்றை எண் வழங்கப்பட்டு வருகிறது. அந்தக் கணக்கின் பணி வரலாற்றில், நிறுவனம் பதிவுசெய்யும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இடம்பெறுகின்றன. வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் உங்கள் சம்பளத்தில் யார் வரி பிடித்தார்கள் என்பது தெரியும். பின்புலச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனங்கள் இவற்றைக் கேட்டு வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எட்டு மாத இடைவெளியை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த நிர்வாகம்கூட, மூன்று மாதம் நீட்டி எழுதப்பட்ட தேதியை மன்னிப்பதில்லை. ஆலையின் பணமும் பாதுகாப்பும் யார் கையில் ஒப்படைக்கப்படுகின்றனவோ அவருடைய சொல்லை நம்ப முடியுமா என்ற கேள்வி அங்கே எழுந்துவிடுகிறது. பணி வழங்கும் கடிதம் வந்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் நிலையை இன்றும் மறக்க முடியவில்லை.

உண்மையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்: என்ன நடந்தது, அந்தக் காலத்தில் என்ன செய்தேன். அதற்கு மேல் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காமல் விளக்கம் தரத் தொடங்கினால் அந்த இடைவெளிதான் உரையாடல் முழுவதையும் நிரப்பும்.

ஆலை மூடப்பட்டதால் வெளியே வந்தவர்கள் தாங்களே தோற்றுவிட்டது போலப் பேசுவதையும் கவனித்திருக்கிறேன். பெரம்பூரில் பின்னி ஆலை 1996 இல் நின்றதையும், எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 இல் மூடப்பட்டதையும் கண்ட பகுதி இது. ஆலை மூடுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஓர் ஆலையை ஒழுங்காக மூடுவது, அதாவது தொழிற்சங்கத்தோடு பேசி முடிப்பது, பணிக்கொடையையும் நிலுவையையும் கணக்கிட்டுத் தீர்ப்பது, தொட்டிகளில் மிஞ்சிய ரசாயனத்தைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது ஆகியவை மிகக் கடினமான நிர்வாகப் பணிகள். அதைச் செய்தவர் அதைத் தன் ரெஸ்யூமேயில் ஒரு பணியாகவே எழுத வேண்டும்.

பழைய நிறுவனத்தைக் குறை கூறுவது

இந்தத் தவறை நானே செய்தேன். ஐம்பத்தொரு வயதில், நிர்வாகம் மாறியபோது, நான் இருந்த இடத்திலிருந்து என்னை விலகச் சொன்னார்கள். அடுத்து சென்ற முதல் நேர்முகத் தேர்வில், ஏன் விலகினீர்கள் என்ற கேள்விக்கு நான் ஏறத்தாழ இருபது நிமிடம் பேசினேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்ததைப் பார்த்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. ஆறாத காயத்தோடு தேர்வுக்குப் போகக் கூடாது என்பதை அன்று உணர்ந்தேன். விலகிய உடனே பத்து இடங்களுக்கு விண்ணப்பிக்காமல், முதலில் மனைவியிடமோ, நம்பிக்கையான நண்பரிடமோ எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு, அதன் பிறகு 'நிர்வாகம் மாறியது, புதிய நிர்வாகம் தன் ஆட்களை அமர்த்த விரும்பியது, சுமுகமாகப் பிரிந்தோம்' என்று அமைதியாகச் சொல்ல வருகிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. சுமுகமாகப் பிரியவில்லை என்றால் அந்தக் கடைசிச் சொற்களை விட்டுவிடவும்.

பட்டம், ஆங்கிலம், முகவரி

டிப்ளமோ முடித்து, ஷிப்ட் பொறியாளராகத் தொடங்கி மேலே வந்தவர்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. அவர்கள் கல்விப் பகுதியை ரெஸ்யூமேயின் மூலையில் மங்கலாக எழுதுவதும், அவசரமாக எங்கோ ஒரு மேலாண்மைப் பட்டத்தை வாங்குவதும் தவறு. டிப்ளமோ என்று தெளிவாக எழுதுங்கள். ஏ.எம்.ஐ.இ. (இந்தியப் பொறியாளர்கள் அமைப்பு நடத்தும் பொறியியல் தேர்வு) முடித்தவர்கள், 2013 மே 31 வரை பதிவுசெய்தவர்களுக்கே அது பொறியியல் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது என்பதால், பதிவுசெய்த ஆண்டையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். கொதிகலன் இயக்கப் பொறியாளர் சான்றிதழ் போலச் சட்டம் கேட்கும் தகுதி உங்களிடம் இல்லையென்றால், அந்த இடத்துக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விளம்பரத்தில் 'விரும்பத்தக்கது' என்று மட்டும் இருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

ஆங்கிலத்துக்கு மனப்பாடம் உதவாது. மனப்பாடம் செய்த பதில் குறுக்குக் கேள்வியில் உடைந்துவிடும். சிறிய வாக்கியங்களில், மெதுவாக, உங்கள் ஆலையின் எண்களை ஆங்கிலத்தில் தடையின்றிச் சொல்லப் பழகினால் போதும். ஒரு தாளை வாங்கிச் செயல்முறையை வரைந்து காட்டியபடி பேசியவர்கள், நல்ல ஆங்கிலம் பேசியவர்களை முந்தியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை முகவரியை நீக்கிவிட்டு, அண்ணா நகரில் உள்ள உறவினர் முகவரியை எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பிறந்து வளர்ந்த இடம் குறை என்று நம்மை நம்ப வைத்தவர்களுக்கு நாமே துணை போகக் கூடாது. விம்கோ நகர் வரை 2021 இல் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆலை டிரிப் ஆகித் திடீரென நின்றால் மெட்ரோ ஓடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இரவில், எந்தத் தெரு வழியாக வந்தால் இருபது நிமிடத்தில் ஆலை வாசலை அடையலாம் என்று அறிந்தவர் நீங்கள். மீனவக் கிராமத்துப் பெரியவர்களோடும் ஒப்பந்தத் தொழிலாளர்களோடும் அவர்கள் மொழியிலேயே பேசத் தெரிந்தவரும் நீங்கள்தான். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விபத்தும், தொடாத பொறுப்பும்

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, அதே மாத இறுதியில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் இரவில் வீடுகளை விட்டு ஓடிய பிறகு, இந்தப் பகுதியிலிருந்து வரும் எந்த ஆலைத் தலைவரிடமும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டும். உங்கள் காலத்தில் ஒரு விபத்து நடந்திருந்தால், 'அது ஒப்பந்தக்காரரின் தவறு' என்று சொல்வது பெரும் பிழை. என்ன நடந்தது, அதில் உங்கள் முடிவு எது, பிறகு எந்த நடைமுறையை மாற்றினீர்கள், அந்த மாற்றம் இன்றும் நடைமுறையில் இருக்கிறதா என்ற வரிசையில் சொல்லுங்கள். காயமடைந்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உற்பத்தி இழப்பை மட்டும் பேசியவரை நான் தேர்வு செய்ததில்லை.

ஆலையிலிருந்து வணிகத் தலைமைக்குப் போக விரும்புகிறவர்கள், லாப நட்டப் பொறுப்பைத் தாங்கள் பார்த்ததாக எழுதிவிடுகிறார்கள். விலை நிர்ணயம் யார் செய்தது என்ற ஒரே கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும். மின்சாரம், நீராவி, மூலப்பொருள் விளைச்சல், துறைமுகத்தில் கன்டெய்னர் தங்கியதற்கான கட்டணம் என்று எந்தெந்தச் செலவுகள் உங்கள் கையில் இருந்தன, அவை எவ்வளவு குறைந்தன என்று எழுதினால் அது உண்மையாகவும் வலுவாகவும் இருக்கும். விற்பனையைத் தொட்டதில்லை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடலாம்.

'உங்கள் பலவீனம் என்ன' என்ற கேள்விக்கு, எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம் என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அந்தப் பதிலை ஏற்கெனவே கேட்டிராத தேர்வாளர் இல்லை.

கன்சல்டன்ட், பரிந்துரையாளர்

உயர் பதவிக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்ட், தனக்குக் கட்டணம் தரும் நிறுவனத்துக்காகவே வேலை செய்கிறார். உங்களிடம் பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். அவரிடம் குறையை மறைத்து, நிறுவனத்தில் மட்டும் சொல்லலாம் என்று நினைப்பது தவறு. தன் வாடிக்கையாளர் முன் அவருக்குத் தலைகுனிவு நேர்ந்தால் அடுத்த வாய்ப்புக்கு உங்களை அழைக்கமாட்டார். முதல் உரையாடலிலேயே சொல்லிவிட்டால், அந்தக் குறை பொருட்டாகாத நிறுவனத்தை அவரே தேர்ந்தெடுத்துத் தருவார்.

பரிந்துரைக்காகக் கொடுக்கும் பெயர்களில், உங்களைப் புகழ மட்டுமே தெரிந்தவரைவிட, உங்கள் குறையை அருகிலிருந்து பார்த்து, அது எப்படிச் சரியானது என்பதையும் பார்த்த முன்னாள் மேலதிகாரி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்குத் தகவல் சொல்லாமலே எண்ணைக் கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. எதிர்பாராமல் அழைப்பு வரும்போது அவர் தயங்கும் இரண்டு நொடியை, கேட்பவர் வேறு விதமாகப் புரிந்துகொள்வார். முன்கூட்டியே அவரை நேரில் பார்த்து, எந்தப் பதவி, எந்த நிறுவனம், உங்கள் குறையைப் பற்றி நீங்கள் அங்கே என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பதை விளக்கி, அவர் அதை ஏற்கிறாரா என்று கேட்டு, பேச வசதியான நேரத்தையும் குறித்துக்கொண்ட பிறகே எண்ணைத் தர வேண்டும்.