வேறு பணியிலிருந்து திட்ட மேலாளர் ஆவது எப்படி? இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கும் வழி

திட்ட மேலாண்மைக்கு மாற விரும்புவோரில் பலர் முதலில் சான்றிதழ்த் தேர்வைத் தேடிப் போகிறார்கள். இந்த விளக்கத்தில் அது கடைசிக்கு முந்தைய படியாகத்தான் வருகிறது. இப்போதைய பணியிலேயே ஒரு சிறு திட்டத்தை நடத்தி, அதன் ஆவணங்களைக் கையில் வைத்திருப்பவருக்குத் தேர்வுப் பாடமும் எளிதில் புரியும், நேர்காணலில் பேசவும் பொருள் இருக்கும் என்பதே அதற்குக் காரணம்.

படி 1: அந்தப் பணியின் ஒரு நாளை அறிந்துகொள்ளுங்கள்

திட்ட மேலாளர் காலையில் முதலில் பார்ப்பது, நேற்றைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைகளின் பட்டியலை. முடியாத வேலை எது, அது ஏன் நின்றது, அதை நம்பிக் காத்திருப்பவர் யார் என்று விசாரித்த பிறகு குழுவின் சிறு கூட்டம் நடக்கும்; வேலையைக் குறுகிய காலச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையைப் பின்பற்றும் குழுக்களில் இந்த அன்றாடக் கூட்டத்துக்கு 15 நிமிடங்களே வரம்பு. நண்பகலில் வாடிக்கையாளர், "இதையும் சேர்த்துவிடலாமே" என்பார். உடனே சம்மதிக்காமலும் மறுக்காமலும், அதைச் சேர்த்தால் எத்தனை நாட்களும் எவ்வளவு செலவும் கூடும் என்று குழுவினரிடம் கேட்டுக் கணக்கிட்டு, எழுத்தில் அனுப்ப வேண்டும். மாலையில் நிலை அறிக்கை.

வாய்ச்சொல்லாக வருவதையெல்லாம் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்று விவரங்களுடன் எழுத்தாக்குவதே நாள் முழுவதும் நடக்கும் வேலை. குழுவினர் பெரும்பாலும் வேறொரு துறைத் தலைவருக்குக் கீழ் இருப்பார்கள். அவர்களுக்கு உத்தரவிடும் உரிமை திட்ட மேலாளருக்கு இருக்காது, ஆனால் வேலை தாமதமானால் கேள்வி அவரிடம்தான் வரும். ஒருவரிடமே மூன்றாவது முறையாக நினைவூட்டச் சங்கடப்படுபவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

படி 2: ஒரு சிறு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

மாதந்தோறும் ஒரே விதமாகச் செய்யும் வேலை திட்டம் ஆகாது. திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, முடிவில் முன்பு இல்லாத ஒன்று கிடைக்க வேண்டும். ஓரிரு மாதங்களில் முடியக்கூடியதாகவும், உங்களுக்குக் கீழ் பணிபுரியாத மூன்று பேராவது பங்கேற்பதாகவும் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, ஒரு துறையின் காகிதப் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். இத்தகைய வேலைக்கு யாரும் முன்வருவதில்லை என்பது உங்களுக்குச் சாதகம்.

படி 3: தொடக்க ஆவணத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இதைத் தொழிலில் ‘சார்ட்டர்’ என்பார்கள். நோக்கம், முடிவில் கிடைக்க வேண்டியவை, கெடு, பங்கேற்பவர்கள், ஒப்புதல் தருபவர் ஆகியவற்றுடன், எவையெல்லாம் இத்திட்டத்தில் சேரா என்பதையும் எழுதுங்கள். "ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகள் மாற்றப்படமாட்டா" என்ற ஒரு வரி இல்லாததால் இரு மடங்காகும் திட்டங்கள் உண்டு. மேலதிகாரியின் ஒப்புதலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: வேலையைப் பிரித்து நாட்களைக் கணக்கிடுங்கள்

தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இது; பொறுமையாகச் செய்யுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஐந்து வேலைகள் உள்ளன: பதிவுகளைத் திரட்டுதல் 5 நாட்கள், அவற்றைச் சரிபார்த்து உள்ளிடுதல், மென்பொருளை நிறுவுதல் 2 நாட்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி 3 நாட்கள், சோதனை ஓட்டம் 4 நாட்கள்.

சரிபார்த்து உள்ளிடும் வேலைக்கு எத்தனை நாட்கள் என்று அதைச் செய்யப்போகிறவரையே கேளுங்கள், ஒரு விடையோடு நிறுத்தாமல் மூன்று விடைகளைக் கேளுங்கள். எல்லாம் நன்றாக நடந்தால் 5, வழக்கமாக 8, எல்லாம் கெட்டால் 17 என்கிறார் என வைத்துக்கொள்வோம். வழக்கமான மதிப்பை 4ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6ஆல் வகுத்தால் 9 நாட்கள் வருகின்றன. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவாக்கிய ‘பெர்ட்’ முறையிலிருந்து வந்த கணக்கு இது.

அடுத்து, எது எதற்குக் காத்திருக்கிறது என்று பாருங்கள். திரட்டல், உள்ளிடல், சோதனை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். 5, 9, 4 ஆக மொத்தம் 18 நாட்கள். நிறுவலும் பயிற்சியும் 5 நாட்களில் தனியே முடியும், சோதனைக்கு முன் முடிந்தால் போதும் என்று கொண்டால், அவற்றுக்கு 9 நாட்கள் இடைவெளி இருக்கிறது. முதல் வரிசையில் ஒரு நாள் தவறினாலும் கெடு தள்ளிப்போகும் என்பதால் அதற்குக் ‘கிரிட்டிகல் பாத்’ என்று பெயர். பயிற்சி இரண்டு நாட்கள் தாமதமாவதைக் கேட்டுப் பதறாமல், திரட்டுபவர் அரை நாள் விடுப்பு எடுப்பதைக் கவனிக்கக் கற்றுத்தருவது இந்தக் கணக்குதான். ஆரம்பத்தில் இதற்குச் சாதாரண விரிதாளே போதும். சிறப்பு மென்பொருளைப் பிறகு கற்கலாம்.

படி 5: பதிவேடும் வார அறிக்கையும்

நேரக்கூடிய இடர்கள், நேர்ந்துவிட்ட சிக்கல்கள், எடுத்த முடிவுகள் ஆகிய மூன்றையும் தேதியோடும் பொறுப்பாளர் பெயரோடும் ஒரே இடத்தில் குறித்து வாருங்கள். "சிலர் தாமதிக்கலாம்" என்று எழுதினால் பயன் இல்லை, "உள்ளிடுபவர் ஒருவரே, அவர் விடுப்பில் சென்றால் மாற்று ஆள் இல்லை" என்பதே இடர்க் குறிப்பு. வார அறிக்கை பத்து வரிகளைத் தாண்ட வேண்டாம். கெட்ட செய்தி இருந்தால் அது முதல் வரியில் வரட்டும்.

படி 6: இனிச் சான்றிதழ்

1969இல் தொடங்கப்பட்ட, திட்ட மேலாண்மைக்கான பி.எம்.ஐ. (Project Management Institute) அமைப்பின் தேர்வுகள் பரவலாக அறியப்பட்டவை. புதியவர்களுக்கான சி.ஏ.பி.எம். தேர்வுக்கு முன்அனுபவம் தேவையில்லை. பள்ளிக் கல்வியை முடித்து 23 மணி நேரப் பயிற்சி பெற்றிருந்தால் போதும். அனுபவம் உள்ளவர்களுக்கான பி.எம்.பி. தேர்வுக்கு, நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் திட்டங்களை நடத்திய 36 மாத அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்ட வேண்டும். அதற்குத் திட்ட மேலாளர் என்ற பதவிப் பெயர் கட்டாயமில்லை என்பதால், நீங்கள் நடத்திய திட்டங்களின் தேதிகளை இப்போதிருந்தே குறித்து வையுங்கள்.

படி 7: தன்விவரக் குறிப்பும் நேர்காணலும்

"ஒருங்கிணைப்புத் திறன் மிக்கவர்" என்ற சொற்களை நீக்கிவிட்டு, எத்தனை பேர், எத்தனை நாட்கள், என்ன முடிந்தது என்று எழுதுங்கள். முதல் விண்ணப்பங்களைத் திட்ட ஒருங்கிணைப்பாளர் பணிகளுக்கும், உங்கள் பழைய துறையைச் சேர்ந்த நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். கணக்குத் துறையில் இருந்தவருக்குக் கணக்கு மென்பொருள் திட்டத்தின் பேச்சுவழக்கு முன்பே தெரிந்திருக்கும். நேர்காணலில், திட்டத்தில் எது தவறிப்போனது என்று அநேகமாகக் கேட்பார்கள். பதிவேட்டைத் திறந்து, எந்தத் தேதியில் தாமதம் தெரிந்தது, அன்றே யாருக்கு எழுதினீர்கள், கெடு எத்தனை நாட்கள் நகர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்.