ஆர்தர்ஸ் சீட் ஏறப் போகிறீர்களா? குடையை விட்டுவிட்டு வாருங்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு ராயல் மைல் தெரு வழியாக இறங்கி ஹோலிரூட் அரண்மனை வரைக்கும் எப்படியும் வந்துவிடுவார்கள். அங்கே நின்று தலையைத் தூக்கினால் எதிரே தெரிவதுதான் ஆர்தர்ஸ் சீட். ஊருக்குள்ளேயே, ஹோலிரூட் பூங்காவில், டிக்கெட் எதுவும் இல்லாமல் ஏறக்கூடிய எரிமலை. பயப்பட வேண்டாம், அது சீறியது சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்.

உயரம் 251 மீட்டர்தான். அந்த 'தான்' என்னை நன்றாக ஏமாற்றியது. முதல் தடவை அடிப்பாகம் தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூவோடு போனேன், ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போது உச்சிப் பாறையில் வழுக்கி உட்கார்ந்ததில் இரண்டு நாளைக்கு நாற்காலியைப் பார்த்தாலே பயமாக இருந்தது. உச்சியில் இருக்கும் பாறை, வந்தவர் போனவர் எல்லாம் மிதித்து மிதித்துப் பளபளவென்று ஆகிவிட்டது. ஒரு தூறல் போட்டால் எண்ணெய் தடவிய மாதிரிதான். அதனால் பிடிமானம் உள்ள ஷூ கட்டாயம்.

சரி, வழி. அரண்மனைப் பக்கத்திலிருந்து குவீன்ஸ் டிரைவ் சாலையைக் கடந்தால் பாதைகள் பிரியும். வலது கைப் பக்கம் சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற செங்குத்துப் பாறைச் சுவர். அதன் அடிவாரத்தில் போகும் ராடிக்கல் ரோடு, 1820-ல் ஸ்காட்லாந்துத் தொழிலாளர்கள் செய்த கலகத்துக்குப் பிறகு வேலையில்லாமல் இருந்த நெசவாளர்களைக் கொண்டு போட்ட பாதை. 2018-ல் பாறை சரிந்ததால் அதை மூடினார்கள், எனவே வேலி இருந்தால் தாண்டிக் குதிக்காதீர்கள். நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் 18-ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவரைப் பார்த்துத்தான், உருகிய பாறைக் குழம்பு ஏற்கெனவே இருந்த படிவப் பாறைக்குள் புகுந்து இறுகியிருக்கிறது என்று காட்டினார். நிலவியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது கோயில் மாதிரி.

நீங்கள் இடது பக்கம் போங்கள். கீழே செயின்ட் மார்கரெட்ஸ் ஏரியில் அன்னங்கள் மிதக்கும், மேலே செயின்ட் ஆன்டனி சாப்பலின் இடிந்த சுவர் நிற்கும். அதற்குப் பின்னால் ட்ரை டாம் என்ற புல்வெளிப் பள்ளத்தாக்கு மெதுவாக ஏறுகிறது. மூச்சு வாங்கும், ஆனால் முட்டி அழாது. கடைசிக் கொஞ்ச தூரம்தான் கல்லும் பாறையும், அங்கே கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். மேற்குச் சரிவில் செங்குத்தாக வளைந்து வளைந்து போகும் கல்படிகளும் உண்டு. அதில் ஏறுங்கள், இறங்காதீர்கள். குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் கிழக்கே டன்சாப்பி ஏரிக்குப் போய்விடுங்கள், அங்கேயே பாதி உயரம் வந்துவிடும், மிச்சம் புல்சரிவு. காரில் போவதானால் வார இறுதி வேண்டாம், பூங்கா சாலைகளில் சில அன்றைக்கு வண்டிகளுக்கு மூடியிருக்கும்.

போய்வர நிதானமாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கடை கிடையாது, கழிவறையும் கிடையாது, எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காற்று! கீழே டி-ஷர்ட் போடும் வெயில் அடித்தாலும் உச்சியில் ஆளைத் தள்ளும். குடையைப் பிடிப்பதா பாறையைப் பிடிப்பதா என்ற நிலைமை வரும், காற்று புகாத ஜாக்கெட்தான் சரி. மஞ்சள் பூவோடு அழகாக நிற்கும் புதர்களில் சாய்ந்து படம் எடுக்க ஆசைப்படாதீர்கள், அத்தனையும் முள்.

நேரமும் முக்கியம். ஜூனில் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், மலையில் விளக்கு கிடையாது. எனக்குப் பிடித்தது ஜூன் மாத அதிகாலை: வடக்கே ஃபோர்த் கடற்கழி, மேற்கே கோட்டை, தெற்கே பென்ட்லேண்ட் குன்றுகள், படம் எடுக்க முண்டியடிக்கும் கூட்டம் இல்லை.

இறங்கிய பிறகும் காலில் தெம்பு இருந்தால் தேசிய அருங்காட்சியகத்துக்கு நடந்துவிடுங்கள், அனுமதி இலவசம். 1836-ல் முயல் பிடிக்கப் போன பையன்கள் இந்த மலையின் ஒரு பொந்தில் 17 குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மரப்பொம்மை. மிஞ்சிய எட்டு அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.