வீயில் மரியோ பவர் டென்னிஸ்: கை வீசும் முன்

நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான கேம்கியூபில் 2004-ல் வந்த இந்த மரியோ பவர் டென்னிஸ் ஆட்டம், 2009-ல் கையசைவுக் கட்டுப்பாட்டோடு அதே நிறுவனத்தின் வீ கருவிக்கு மறுவெளியீடு ஆனது. சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த வீ வைத்திருப்பவர்கள் முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகவே கூடாது, எரிந்துவிடும். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் 100 வாட் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். டிஸ்கும் கருவியும் ஒரே நாட்டு வகையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கருவி ஐரோப்பிய டிஸ்கைப் படிக்காது.

பந்து வருமுன்பே பொம்மை மட்டையை வீசிவிடுகிறதா? ரிமோட்டுக்குள் இருப்பது வேகமாற்றத்தை அறியும் சென்சார். கையைப் பின்னால் வெடுக்கென்று இழுத்தால் அதையே அடி என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் மெதுவாகக் கொண்டுபோய், முன்னால் மணிக்கட்டை மட்டும் சுருக்கென்று வெட்டுங்கள். தோளிலிருந்து வீசத் தேவையே இல்லை. கீழிருந்து மேலே வீசினால் டாப்ஸ்பின் (பந்து முன்பக்கமாகச் சுழலும் அடி), மேலிருந்து கீழே என்றால் ஸ்லைஸ் (பின்பக்கமாகச் சுழலும் அடி).

அடி தாமதமாக விழுந்தால் டிவியில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். மெனுவில் சுட்டும் கை நடுங்கினால் ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். டிவி அருகே வைக்கும் சென்சார் பார் என்ற பட்டையின் அகச்சிவப்பு ஒளியை வெயில் குழப்பும்.

வேலூர் வெயிலில் கை வியர்த்து ரிமோட் வழுக்கும். மணிக்கட்டுக் கயிற்றை மாட்டி, அதன் பூட்டை இறுக்கிவிட்டே ஆடுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.