அடியை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்து, மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தால் எங்கள் சிறுமலை அடிவாரத்தில் புற்றுக்காளான் கிளம்பிவிடும். போன வாரம் என்னோடு வந்த தம்பிகள் இருவரும் ஒரு கூடை நிறையப் பறித்துவிட்டார்கள். ஒரு காளானில்கூட அடி இல்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

தெரியாததைத் தின்னக்கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதை விடுங்கள். பறிப்பவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கத்தியால் அறுப்பது

"அறுத்து எடுத்தாத்தாண்ணே அடுத்த வருசமும் முளைக்கும்" என்றான் ஒருவன். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். நாம் பறிப்பது காய் மாதிரி. செடி மண்ணுக்குள், கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக் காடுகளில் 1975இல் தொடங்கி 29 வருடம் அறுத்தும் பிடுங்கியும் பார்த்தார்கள். எப்படி எடுத்தாலும் விளைச்சல் குறையவில்லை. அது வேறு காளான்தான், ஆனாலும் அறுப்பதால் லாபம் என்ன? நஷ்டம் மட்டும் நிச்சயம்: அடையாளத்தில் பாதி மண்ணோடு போகிறது.

பதினைந்து வருடத்துக்கு முன் நானும் புற்றோரத்தில் வெள்ளைக் குடைகளை அறுத்து வந்தேன். புற்றோரம் என்றால் புற்றுக்காளான்தானே! குடைமேல் பழுப்புச் செதில் இருந்ததைப் பெரிதாக எண்ணவில்லை. அக்கா குழம்பு வைத்தாள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் எனக்கும் அக்காவுக்கும் மச்சானுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. விடிய விடிய டிரிப்ஸ். மிச்சமிருந்த ஒரு குடை காலையில் தட்டில் பச்சைத்தூள் கொட்டி வைத்திருந்தது. அது குளோரோஃபில்லம் என்ற நச்சுக்காளான். இளசில் அதன் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளும் வெள்ளைதான். முற்றிய பிறகே பச்சை ஏறும். அக்கா இன்றுவரை காளானைத் தொடுவதில்லை.

களைக்கொத்தியால் சுற்றிலும் தோண்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். புற்றுக்காளானின் தண்டு வால்போல் மெலிந்து கறையான் கூடுவரை இறங்கும். சில சமயம் ஒரு முழம்கூடப் போகும். குளோரோஃபில்லத்தின் அடி சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும். (அரிசிக்காளான் விதிவிலக்கு. கறையான் வெளியே தள்ளிய கூட்டுத்துகளில் முளைப்பதால் அதற்கு நீள வால் கிடையாது.)

இதைவிட மோசம் அமானிட்டா என்ற காளான் இனம். அதன் கொடிய வகைகளுக்கு அடியில் கிண்ணம்போல ஓர் உறை இருக்கும், பெரும்பாலும் மண்ணுக்குள். அறுத்தால் கிண்ணம் அங்கேயே நிற்கும், நஞ்சு கூடைக்கு வரும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆறு மணி நேரத்துக்குமேல் கழித்து வாந்தி தொடங்கும், ஒரு நாள் தேறிய மாதிரி இருக்கும், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். வாந்தி நின்றுவிட்டதென்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பாதீர்கள்.

மொட்டாகப் பறிப்பது

வைக்கோல் காளான் மொட்டுக்கும் அமானிட்டா மொட்டுக்கும் வெளியே பார்த்து வித்தியாசம் சொல்ல என்னால் ஆகாது. எடுப்பதில்லை.

வித்துத்தூள் பார்க்காதது

பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் காகிதத்தில் விரிந்த குடையை மடிப்புகள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே டம்ளர் மூடி ஓரிரவு வையுங்கள். காகிதத்தில் உதிரும் தூள், புற்றுக்காளான் என்றால் இளஞ்சிவப்புச் சாயல். பச்சை என்றால் குப்பை. வெள்ளை என்றாலும் எனக்கு வேண்டாம், அமானிட்டாவின் தூள் வெள்ளைதான்.

வெள்ளிக்காசு, பூண்டு, மஞ்சள்

விஷக்காளானோடு வேகவைத்தால் இவை கறுக்கும் என்பார்கள். நஞ்சைக் கண்டு எதுவும் கறுக்காது.

பாலிதீன் பை

நல்ல காளானும் வியர்த்து அழுகும்.

தம்பிகளின் கூடையை வரப்பிலேயே கொட்டச் சொன்னேன். பாதிக்கு மேல் நல்ல காளானாகத்தான் இருந்திருக்கும். சின்னவன் இன்னும் என்னோடு பேசவில்லை.