ஆபரேஷன் முடிந்தும் எடை அசையவில்லையா? தட்டைப் பார்க்கும் முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள்

இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, முதல் ஆறு மாதம் துணியெல்லாம் தொளதொளவென்று ஆகி, கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னம்மா இப்படி இளைச்சுட்டே" என்று கேட்டு, அப்புறம் ஒரு நாள் தராசு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டால் வயிற்றைக் கலக்கும். எனக்குக் கலக்கியது. தைராய்டு குறைபாடு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இரண்டும் எனக்கு உண்டு. 118 கிலோ இருக்கும்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டேன். பதினோராம் மாதம் 91-இல் நின்றது, அடுத்த இரண்டு மாதத்தில் 94 ஆனது. போய்ப் பார்த்த டாக்டர், பெயர் வேண்டாம், ஃபைலைக்கூடத் திறக்காமல் "ஒளித்து வைத்து ரொட்டி சாப்பிடுகிறீர்கள்" என்றார். டர்பனில் நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ரொட்டி சாப்பிடாதவர் யார்? ஆனால் அன்றைக்குக் காரணம் ரொட்டி இல்லை.

அதனால் நான் சொல்லப்போகும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ். எல்லோரும் முதலில் தட்டைப் பார்க்கச் சொல்வார்கள். ஹார்மோன் கோளாறு இருக்கிறவர்கள் முதலில் மாத்திரை நேரத்தையும், அப்புறம் ரத்தப் பரிசோதனையையும், மற்ற மருந்துகளையும் பார்த்துவிட்டுத் தட்டுக்கு வாருங்கள்.

அதற்கும் முன்னால், எடை நிஜமாகவே நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்குப் பொதுவாக மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறையும், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் பைபாஸில் கொஞ்சம் கூடுதல், அதுவும் 12 முதல் 18 மாதத்துக்குள். அதற்குப் பிறகு வேகம் தானாகவே தணியும், இரண்டு வருடம் கழித்து சில கிலோ திரும்பி வருவதும் சகஜம்தான். நடுவில் இரண்டு மூன்று வாரம் அசையாமல் நிற்பதெல்லாம் கணக்கிலேயே வராது. மாதவிலக்குக்கு முன்னால் உடம்பில் தங்கும் தண்ணீரே ஒரு கிலோவுக்கு மேல் காட்டும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து எடை பாருங்கள், கூடவே தையல்காரர் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். நம் இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள், ஏனென்றால் நமக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேரும். ஆறு வாரம் எடையும் அசையவில்லை, டேப்பும் அசையவில்லை என்றால் சரி, நின்றுவிட்டது.

இப்போது மாத்திரை டப்பா. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், வேலைக்கு ஓடும் அவசரத்தில் காலை ஐந்தரைக்கு எல்ட்ராக்சின் என்ற தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின் எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி, பால் டீயோடு ஒரே விழுங்கு. ஆபரேஷனுக்கு முன்னால் எல்ட்ராக்சின் மட்டும்தான் இருந்தது, அதனால் பிரச்சினை வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் எதை எதோடு போடக் கூடாது என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்து அப்படியே வெளியே போய்விடும். மாதா மாதம் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையில் பாதிக்குப் பாதி நான் டாய்லெட்டில்தான் போட்டிருப்பேன்!

இப்போது என்னுடைய நேரம் இது, உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். 4:45-க்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு, வேறு எதுவும் இல்லாமல். அதற்கு ஒரு மணி நேரம் கழித்து டீ. டீ, காபிக்குக் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம், இரும்பு இரண்டுக்கும் தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும், அதனால் பதினொரு மணிக்கு இரும்பும் மல்டிவைட்டமினும், டீ இல்லாமல், இருந்தால் இரண்டு சுளை ஆரஞ்சோடு. கால்சியமும் இரும்பும் ஒன்றுக்கொன்று சண்டை, அவற்றுக்குள் 2 மணி நேரம் வேண்டும், ஆகவே கால்சியம் மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, இரவு ஏழு மணிக்கு ஒன்று. ஒரு தடவைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு வாங்காது. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. வாங்கும்போது கால்சியம் சிட்ரேட்டா என்று பாருங்கள். கார்பனேட் விலை குறைவு, ஆனால் அது கரைய அமிலம் வேண்டும், சுருக்கிய இரைப்பையில் அமிலம் குறைவு. நைட் ஷிஃப்ட் ஆட்கள், காலையில் குழந்தைகளைக் கிளப்புகிறவர்கள் தைராய்டு மாத்திரையைப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரமும், கடைசி கால்சியம் முடிந்து 4 மணி நேரமும் ஆகியிருந்தால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

வயிற்றுப் புண் வராமல் இருக்க ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ஒமெப்ரசோல் வகையும் தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நிறுத்தச் சொல்லவில்லை, டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி. ஆபரேஷன் முடிந்து நாலைந்து மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், எல்லோருக்கும் நடக்கிறதுதான், பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற பி வைட்டமினை 10 மில்லிகிராம் மாத்திரையாகத் தினமும் போட்டேன். அந்தச் சமயம் எடுத்த டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்த அளவு) 3.1 வந்தது. "நார்மல், தைராய்டைக் குறை சொல்லாதீர்கள்" என்றார்கள். பயோட்டின் அதிக அளவில் ரத்தத்தில் இருந்தால், சில வகை லேப் மெஷின்கள் ஏமாந்துவிடும், டிஎஸ்எச்சை நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், தைராய்டு ஹார்மோனான டி4-ஐ அதிகமாகக் காட்டும். வேறொரு டாக்டர் சொல்லி ஒரு வாரம் பயோட்டினை நிறுத்திவிட்டு எடுத்தபோது அதே டிஎஸ்எச் 11.4. பொதுவாக 4-க்குள் இருக்க வேண்டியது. ஆகவே பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னால் பயோட்டினை நிறுத்துங்கள், பெரிய அளவு என்றால் எத்தனை நாள் என்று லேப்பில் கேளுங்கள். முடிக்கான "அழகு வைட்டமின்" டப்பாக்களின் பின்பக்கத்தையும் படியுங்கள், அதில் ஒளிந்திருக்கும்.

அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், அதற்கு முன்னால் பார்ப்பது வீண் செலவு. இதற்கு நேர்மாறும் நடக்கும். எடை குறையக் குறையச் சிலருக்குப் பழைய அளவு மாத்திரை அதிகமாகிப் போகும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் சந்தோஷமாக இளைக்கிறோம் என்று உட்காராமல் போய்க் காட்டுங்கள். தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: தைராய்டு குறைபாடு, அவர்கள் கட்டாயம் செலவு ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் ஒரு முறை பதிந்து கொடுத்தால் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பிசிஓஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை, அந்த வயிற்றெரிச்சல் தனி.

டிஎஸ்எச் கூடவே பி12, இரும்புச் சேமிப்பான ஃபெரிட்டின், வைட்டமின் டி, சர்க்கரையின் மூன்று மாத சராசரி ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். இரும்பு இல்லாமல் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவரை "நட, நட" என்று துரத்திப் பயனில்லை.

மற்ற மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், மனச்சோர்வுக்கான மிர்டாசபின், மனநோய்க்கான ஓலன்சபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், இன்சுலின், சர்க்கரைக்கான சில மாத்திரைகள், மூன்று மாதக் கருத்தடை ஊசி, இவையெல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பிரெட்னிசோன், முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசி இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். முகத்துக்குப் பூசும் வெளுப்பு க்ரீமையும் சொல்லுங்கள்! சந்தையில் லேபிள் ஒழுங்காக இல்லாமல் விற்கும் சில டப்பாக்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், மாதக்கணக்கில் பூசினால் அது உடம்புக்குள்ளும் போகும். வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், உட்கார்ந்து எழ முடியாத தொடை என்றால் கார்டிசோல் என்ற ஹார்மோன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அபூர்வம்தான், ஆனால் கேட்பதில் தப்பில்லை.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடர்ந்து தேவையா என்பதை எடை குறைந்த பிறகு மறுபடி முடிவு செய்ய வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு மெதுவாகக் கரையும் வகை சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம், சாதாரண வகையா என்று பாருங்கள். இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். எடை இறங்கியதும் பல வருடம் வராத மாதவிலக்கு ஒழுங்காக வர ஆரம்பிக்கும், கருமுட்டை வெளிவரும், "எனக்கெல்லாம் பிள்ளை தங்காது" என்று இருந்தவர்கள் திடீரென்று கர்ப்பமாவார்கள். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுசாக நம்ப முடியாது, கருப்பைக்குள் வைக்கும் சாதனமோ கைத்தோலுக்குள் வைக்கும் குச்சியோ மேல். ஆயாக்கள் முருகன் கொடுத்தான் என்பார்கள், கொடுக்கட்டும், கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கட்டும்.

இனி தட்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் தைராய்டு சரியானதும் இறங்கியது நாலு கிலோதான், அதிலும் பாதி உப்புத் தண்ணீர். தைராய்டு குறைபாடு ஏற்றும் எடையே பொதுவாக 2 முதல் 5 கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் சோர்வு போனது, சமைக்கவும் நடக்கவும் தெம்பு வந்தது, அதற்குப் பிறகுதான் தட்டைத் திருத்த முடிந்தது. முதலில் செய்திருந்தால் இரண்டே வாரத்தில் கைவிட்டிருப்பேன்.

சின்ன வயிற்றை ஏமாற்றுவது பெரிய சாப்பாடு இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும் சாப்பாடுதான். பாதி ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் டர்பன் 'பன்னி சாவ்' ஒன்றில் கால் பங்குகூட என்னால் முடியாது, ஆனால் ரஸ்க்கை டீயில் நனைத்து நாள் முழுக்கச் சாப்பிட முடியும். சிப்ஸ், முறுக்கு, கூழ், ஐஸ்கிரீம், ஜூஸ் எதற்கும் வயிறு "போதும்" என்று சொல்லாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இங்கே இறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத்தான் வந்தார்கள். அந்தச் சர்க்கரை இன்னும் நம் டீயை விட்டுப் போகவில்லை, ஒரு கோப்பைக்கு மூன்று ஸ்பூன். இனிப்பு டீயும் பிஸ்கெட்டும் சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வியர்த்து, கை நடுங்கி, பசி பிடுங்கினால், அது சர்க்கரை ஏறி இறங்கும் ஆட்டம். பைபாஸ்காரர்களுக்கு இது அதிகம். இன்னொரு பிஸ்கெட் சாப்பிட்டால் ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கும், அதனால் சாப்பாட்டை மாற்றச் சொல்லி டயட்டீஷியனிடம் போங்கள்.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. நம்மவர்கள் "பருப்பு சாப்பிடுகிறேனே" என்பார்கள். வெந்த பருப்பு ஒரு கப்பில் 16, 18 கிராம் இருக்கும், சரி, ஆனால் நமக்கு இறங்குவது கால் கப், அதில் நாலு கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம். டின் மீன் கறிதான் என் துணை, 100 கிராம் மீனில் சுமார் 17 கிராம் இருக்கும், தக்காளியும் மிளகாயும் போட்டு வதக்கினால் பாதி டின் மத்தியானத்துக்குப் போதும், ஆனால் எண்ணெயைக் கையளவு ஊற்றாதீர்கள். கோழி பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) பையில் வைத்துக்கொள்ளலாம், உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்த்து. முதலில் மீனோ கோழியோ, அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடியுங்கள். புரட்டாசி விரதத்தில்தான் நான் வருடா வருடம் வழுக்கிவிழுவேன், ஏனென்றால் அந்த மாதம் நம் வீடுகளில் உருளைக்கிழங்குக் கறியும் பூரியும்தான். விரதம் இருங்கள், ஆனால் பனீர், தயிர், சோயா மின்ஸ் மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சோயாவைத் தைராய்டு மாத்திரை நேரத்தை விட்டுத் தள்ளிச் சாப்பிடுங்கள்.

நடப்பதற்கு டர்பன் கடற்கரைப் பாதை இருக்கிறது, சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் எல்லோரும் சேர்ந்து ஓடும் 'பார்க்ரன்' இலவசம், 5 கிலோமீட்டரையும் நடந்தே முடிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு நடையைவிடப் பலன் கொடுத்தது தசைப் பயிற்சிதான். வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும், தசை போனால் உடம்பு எரிக்கும் சக்தியும் குறையும். ஜிம் வேண்டாம், இரண்டு லிட்டர் எண்ணெய் பாட்டில் இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வாரம் மூன்று நாள்.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால், இரைப்பை விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்க்கச் சொல்லலாம், அல்லது எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றிப் பேசலாம். ஆபரேஷன் செய்தும் போதுமான எடை குறையாதவர்களுக்கு லிராக்ளூடைட் ஊசி கொடுத்து லண்டனில் நடந்த ஆய்வில் 24 வாரத்தில் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு எடை குறைந்தது. ஊசி போட்டுக்கொள்வது தோல்வி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இணையத்தில் விலை குறைவாக வரும் ஊசியை மட்டும் வாங்காதீர்கள்.

தொடர்ந்து வாந்தி, இரட்டையாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம் வந்தால் அது எடைப் பிரச்சினை இல்லை, பி1 வைட்டமின் தீர்ந்துபோகும் ஆபத்து. காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லாவற்றையும் ஒரு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டு எடுத்துப் போங்கள், மாத்திரை, ஊசி அட்டை, க்ரீம், முடி வைட்டமின், பெரியம்மா கொடுத்த மூலிகைப் பொடி உள்பட. ஒவ்வொரு டப்பாவின் மேலும் நீங்கள் அதை எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். மேசையில் கொட்டிவிட்டு, ஆறு வார எடையும் இடுப்பு அளவும் எழுதிய தாளை அதன் மேல் வையுங்கள். நான் அப்படிச் செய்த அன்றைக்குத்தான் எதிரில் இருந்த டாக்டர் முதல் முறையாக என் ஃபைலைத் திறந்தார்.