பள்ளத்தாக்குக் காட்டுப் பாதையில் யாருக்கு யார் வழிவிடுவது?

நடப்பவர், சைக்கிளில் வருபவர், குதிரையில் வருபவர் மூவரும் ஒரே பாதையைப் பயன்படுத்தும் வனப்பகுதிக்குப் போகிறீர்களா? பொதுவான வழக்கம் இதுதான்: சைக்கிள்காரர் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். நுழைவாயில் பலகையில் வேறு விதி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

குதிரை எதிரே வந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். மேலிருந்து தெரியும் உருவத்தைக் கண்டால் அது மிரளும். மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்பதும் தவறு. சாதாரணக் குரலில் ஒரு வணக்கம் சொன்னாலே போதும், மனிதர்தான் என்று குதிரைக்குப் புரிந்துவிடும். பள்ளம் செங்குத்தாக இருந்தால் மட்டும் மேல்பக்கம் ஏறி நிற்கலாம்.

காதில் இயர்போன் வேண்டாம், ஒரு காதில்கூட. பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்காது. பறவைகளின் குரலையும் இழப்பீர்கள், அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பாதை சேறாக இருந்தால் ஓரமாகச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே நடங்கள். ஆளுக்கு ஒரு அடி ஒதுங்கினால் பாதை அகன்று, ஓரத்துச் செடிகள் மிதிபட்டுச் சாகும். அதனால் நனைந்தாலும் பரவாயில்லை என்ற ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும், செல்போன் சிக்னலும் கிடைக்காமல் போகலாம். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.