பள்ளிப் பாதுகாப்பு ஒத்திகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல பள்ளிகளில் பாதுகாப்பு ஒத்திகை, முன்பே அறிவித்த ஒரு நாளில், ஆசிரியர்கள் அனைவரும் பணியிலிருக்கும் காலை வேளையில், பிள்ளைகள் வகுப்பறையில் அமர்ந்திருக்கும்போது நடத்தப்பட்டு, எத்தனை நிமிடத்தில் கட்டடம் காலியானது என்ற குறிப்போடு முடிந்துவிடுகிறது. குறையே தென்படாத ஒத்திகையை வெற்றியாகக் கருதுவதுதான் முதல் தவறு. எங்கே பிசகும் என்பதை ஆபத்து வருமுன் கண்டறியவே ஒத்திகை தேவைப்படுகிறது. முதல் ஓரிரு முறை அறிவித்து நடத்துவது சரியே. அதன் பிறகு உணவு இடைவேளையிலும், வகுப்பு மாறும் நேரத்திலும், தலைமையாசிரியர் விடுப்பிலிருக்கும் நாளிலும் நடத்திப் பார்க்க வேண்டும்.

எப்போதும் ஒரே படிக்கட்டு வழியாகவே மாணவர்களை இறக்குவது அடுத்த தவறு. சிகாகோவில் 1958 டிசம்பர் 1 அன்று ஒரு பள்ளியில் மூண்ட தீ 92 மாணவர்களையும் 3 கன்னியாஸ்திரிகளையும் பலிகொண்டது. கீழே படிக்கட்டருகே பற்றிய தீயின் புகை மேல்தள நடைவழியை நிரப்பிவிட்டதால், அவர்கள் நாள்தோறும் நடந்த வழியே அடைபட்டுப்போனது. ஆகவே ஒரு படிக்கட்டின் முன் ‘இங்கே புகை’ என்று எழுதிய பலகையை வைத்துவிட்டு, வகுப்பை அழைத்துவரும் ஆசிரியர் என்ன முடிவெடுக்கிறார் என்று கவனிக்க வேண்டும். பின்வாசல் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை என்பது போன்ற உண்மைகள் அப்போதுதான் வெளிப்படும்.

எல்லா ஆபத்துக்கும் ‘மணி அடித்தால் மைதானத்துக்கு ஓடு’ என்ற ஒரே பாடத்தைக் கற்பிப்பதும் தவறு. தீ என்றால் உடனே வெளியேற வேண்டும். நிலநடுக்கம் என்றால் அதிர்வு நிற்கும்வரை மேசைக்கடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பற்றியிருக்க வேண்டும். குலுங்கும் கட்டடத்தில் ஓடினால் விழுந்தோ, மேலிருந்து பொருள்கள் விழுந்தோ காயப்பட நேரிடும். கூடுமிடமும் ஆபத்துக்கு ஏற்ப மாறக்கூடும். ஜப்பானின் இஷினோமாகி நகரிலுள்ள ஒக்காவா தொடக்கப்பள்ளியில், 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் ஏறத்தாழ 50 நிமிடங்கள் காத்திருந்தனர். பள்ளியை அடுத்தே குன்று இருந்தும், ஆழிப்பேரலையில் 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் பலியாயினர். அப்பள்ளியின் அவசரகாலக் கையேடு அடுத்த புகலிடத்தைக் குறிப்பாகச் சொல்லாமல், அருகிலுள்ள வெற்றிடம் அல்லது பூங்கா என்று மட்டுமே சொன்னது. முன்னேற்பாட்டில் இருந்த இக்குறையை உயர் நீதிமன்றம் 2018இல் சுட்டிக்காட்டியது. நம் பள்ளித் திட்டத்திலும் ‘பாதுகாப்பான இடம்’ என்ற பொத்தாம்பொதுவான சொல் இருந்தால், அதை நீக்கிவிட்டு இடத்தின் பெயரை எழுத வேண்டும்.

மிக அதிகமாகக் கோட்டைவிடப்படுவது கணக்கெடுப்பில்தான். வரிசையில் நிற்பவர்களின் தலைகளை எண்ணி ‘சரி’ என்று சொல்வது கணக்கெடுப்பாகாது. அன்று வந்தவர்கள் யார் என்ற பதிவேடு கையில் இருந்தால்தான் வராதவர் யார் என்று தெரியும். பதிவேடோ பெரும்பாலும் அலுவலக மேசையிலேயே தங்கிவிடுகிறது. ஒத்திகை மணி அடிக்கும்போது ஒரு மாணவியைக் கழிப்பறையிலும், ஒருவனை நூலகத்திலும் ஆசிரியருக்குச் சொல்லாமல் நிறுத்திவைத்துப் பாருங்கள். அவர்கள் இல்லாததை யார், எத்தனை நேரம் கழித்து உணர்கிறார்கள் என்பதே அந்த ஒத்திகையின் மெய்யான மதிப்பெண். சமையல் பணியாளர், பார்வையாளர், அன்று மட்டும் வந்த மாற்று ஆசிரியர் ஆகியோரும் இக்கணக்கில் வர வேண்டும். கூடுமிடம் வாயிலருகே இருந்தால் தீயணைப்பு வண்டிக்கு வழி அடைபடும் என்பதையும் மறக்கலாகாது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை ‘சிரமப்படுத்த வேண்டாம்’ என்று வகுப்பிலேயே உட்கார வைப்பது பரிவு போலத் தோன்றினாலும், உண்மையில் அது அந்தப் பிள்ளையைக் கைவிடுவதாகும். மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாத நேரத்தில் யார் இருவர் தூக்கிவருவார்கள் என்பதைப் பெயர் சொல்லி முடிவுசெய்து, அவனோடு சேர்ந்தே பழக வேண்டும். நேர்மாறாக, போலிப் புகையும் அலறலும் கொண்டு பிள்ளைகளைத் திகிலடையச் செய்வதும் தேவையற்றது. பயம் பழக்கத்தைத் தராது. தீயணைப்பானைச் சுவரில் மாட்டியதோடு நில்லாமல், ஊசியை இழுத்து நெருப்பின் அடியை நோக்கிப் பீய்ச்சுவதை ஆசிரியர்கள் கையாண்டு பழக வேண்டும்.

ஒத்திகை முடிந்த அன்றே, மாணவர்களையும் கேட்டு, கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றையும் யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று குறிக்க வேண்டும்; அடுத்த ஒத்திகையை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.